வந்த காரியம்

தம்பானூருக்கு வருகிறவர்களில் தம்பானூருக்காக வருகிறவர்கள் யாரும் கிடையாது. ரயிலைப் பிடிக்க வருவார்கள். பஸ் மாற வருவார்கள். பத்மநாபசாமியைச் சேவிக்கவோ கோவளத்தில் கால் நனைக்கவோ போகிறவர்கள் இங்கே இறங்கி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவார்கள். ஒரு பக்கம் 1931-ல் கட்டிய கருங்கல் ரயில் நிலையம், எதிரே கேரள அரசு பஸ் நிலையம், நடுவில் ஒரு ரோடு, அந்த ரோட்டில் ராத்திரி பகல் பார்க்காமல் பெட்டி உருட்டுகிற சத்தம். ரயில் பாதைக்கு அடியில் ஆமையிழஞ்சான் தோடு ஓடுகிறது. நல்ல மழை ஒரு மணி நேரம் அடித்தால் அது மேலே எழும்பிப் பயணிகளோடு சேர்ந்து நிற்கும். திருவனந்தபுரத்துக்காரரிடம் "தம்பானூரில் இருக்கேன்" என்று சொன்னால் "எந்த லாட்ஜில்?" என்றுதான் கேட்பார். குடியிருக்கிற இடமாக அதை யாரும் நினைப்பதில்லை.

46 வயதில் நான் பிழைக்கப் போன இடம் அது. நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள்தான். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று பஸ் போய்க்கொண்டே இருக்கும். எல்லை எங்கே வந்தது என்று கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு பக்கம். ஆனால் நாகர்கோவிலில் என்னைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் என்னிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. தம்பானூரில் இருந்தவர்களுக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்ற கேள்விதான் இருந்தது. அந்த வித்தியாசத்துக்காகவே எழுபது கிலோமீட்டர் தாண்டலாம்.

நாகர்கோவில்காரர்களின் கேள்வி எளிமையானது. குடியா, அடியா, வேற பொம்பளையா? இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லியிருந்தால் ஊர் எனக்குச் சாட்சி சொல்லியிருக்கும். மூன்றும் இல்லை. என் கணவர் சம்பளத்தை முழுசாகக் கொண்டுவந்து கொடுக்கிற மனிதர். மகள் கோயம்புத்தூருக்குக் கல்லூரிக்குப் போன பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினோம். இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. மகள் இருந்தபோது அவள் வழியாகப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதே அவள் போன பிறகுதான் தெரிந்தது. "அப்பாட்ட கேளு", "அம்மைட்ட சொல்லு". நடுவில் ஆள் இல்லாமல் போனதும் டிவி பேசியது. ஒருநாள் ராத்திரி நான் பிரிந்துவிடலாம் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "உனக்குச் சரின்னா சரி" என்றார். இருபது வருஷத்துக்கு மேலான கல்யாணத்தில் எங்களுக்குள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போன விஷயம் வேறு இல்லை.

அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருந்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மைனியும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஹாலில் நான் படுக்கிற இடத்தில் பகலில் பாய் கிடந்தால் வந்து சுருட்டி வைத்துவிட்டுப் போவாள். துக்கம் கேட்க வருவதுபோல ஆட்கள் வந்தார்கள். நேந்திரங்காய் வற்றல் பொட்டலத்தோடு வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, காரணம் கிடைக்காத ஏமாற்றத்தோடு எழுந்து போனார்கள்.

வேலை அப்பாவின் பழைய சிநேகிதர் வழியாக வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தம்பானூரில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தள்ளி ஒரு சந்தில் பழைய லாட்ஜ் வைத்திருந்தார். எல்லோருக்கும் அண்ணாச்சி. தமிழும் மலையாளமும் பேசத் தெரிந்த, எழுதத் தெரிந்த, பணத்தில் கை வைக்காத ஒரு ஆள் ரிசப்ஷனுக்கு வேண்டும் என்றார். முதல் இரண்டும் குமரி மாவட்டத்துக்காரிகள் பலருக்கும் உண்டு. 2016 ஜூனில், மழைக்காலம் தொடங்கியபோது போய்ச் சேர்ந்தேன். சம்பளம் 9,000 ரூபாய். அதற்கு முன் என் பெயருக்கு ஒரு கவரில் பணம் வந்தது எனக்கு 22 வயது ஆகியிருந்தபோது, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டுடோரியல் காலேஜில். அப்போது கிடைத்தது 600.

தங்கியது பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில். விண்ணப்பப் படிவத்தில் உள்ளூர்க் கார்டியனின் பெயரும் கையெழுத்தும் கேட்டார்கள். வார்டனுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு இருக்கும். எனக்கு 46 ஆச்சே என்றேன். கார்டியன் இல்லாமல் சேர்க்க முடியாது என்றாள். அண்ணாச்சி வந்து மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்குக் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "யம்மா, கார்டியன்னா என்னல்லாம் செய்யணும்?" என்று கேட்டார். "எட்டரைக்குள்ள நான் கேட்டுக்குள்ள போயிட்டேனான்னு பாக்கணும் அண்ணாச்சி" என்றேன். "அதெல்லாம் உன் பாடு" என்று சொல்லிவிட்டார். நல்ல கார்டியன்.

லாட்ஜ் ரிஜிஸ்டரில் கட்டங்கள் இருக்கும். பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த காரியம். கடைசிக் கட்டத்தில் ஆட்கள் எழுதுவதைப் படிக்கிற சுகம் தனி. பெரும்பாலும் "பெர்சனல்". சிலர் "சும்மா". ஒரு பெரியவர் எழுதியது "மகன் கூப்பிட்டான்". பாதிக்குப் பாதி "ஆஸ்பத்திரி". அந்தப் பாதிதான் எங்கள் லாட்ஜை நடத்தியது.

திருவனந்தபுரத்தின் மண்டலப் புற்றுநோய் மையத்தை ஆர்.சி.சி. என்றே எல்லோரும் சொல்வார்கள். 1981-ல் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் தொடங்கியது. அதே வளாகத்தில் இதயத்துக்கும் மூளைக்குமாக ஸ்ரீசித்ரா. குமரி மாவட்டத்துக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடியின் தென்பகுதிக்கும் சென்னையைவிட இது எவ்வளவோ பக்கம். அதனால் கட்டியோ வலியோ சந்தேகமோ வந்தவர்கள் ராத்திரி பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து தம்பானூரில் விழுவார்கள். எக்ஸ்ரே கவர், பிளாஸ்க், போர்வை, ஒரு தூக்குவாளி. கூட வருகிற ஆளுக்குத்தான் முகம் வெளிறியிருக்கும். நோயாளி எப்படியோ தெளிவாக இருப்பார். மலையாளப் பலகை ஒன்றும் அவர்களில் பலருக்குப் படிக்க வராது. நான் லாட்ஜ் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். மெடிக்கல் காலேஜ் பஸ்ஸின் பலகையில் முதல் எழுத்து எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டுவேன். விடியக் கிளம்பினால்தான் வரிசையில் முன்னால் நிற்கலாம் என்பேன். கேட்க வேண்டியவற்றை மலையாளத்தில், ஆனால் தமிழ் எழுத்தில், எழுதிக் கொடுப்பேன். சாயங்காலம் திரும்பி வந்து டாக்டர் சொன்னதை என்னிடம் சொல்லுவார்கள். அதை நான் அவர்களுக்கே திருப்பிப் புரியவைப்பேன். லீவு நாளில் கூடவே போகவும் தொடங்கினேன். யாரும் என்னிடம் கணவர் எங்கே என்று கேட்கவில்லை. அவர்களுடைய கேள்விகள் அதைவிடப் பெரியவை.

கல்யாணம் என்றால் என்ன என்று நான் பார்த்துப் படித்தது அந்த லாட்ஜ் வராந்தாவில்தான் என்றால் மிகை இல்லை. தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு தம்பதி கீமோவுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு முடி முழுக்கப் போய்விட்டது. கணவர் உப்பளத்தில் வேலை பார்த்தவர். ராத்திரி முழுக்கச் சண்டை. இட்லி கல்லாக இருக்கிறது என்று அந்த அம்மா, ஊரிலிருந்தே அரைச்சுக் கொண்டாந்திருக்கலாம், நீதான் சோம்பேறி என்று அவர். நோய்க்காரியைப் போய்ச் சோம்பேறி என்று சொல்கிறாரே என்று எனக்குப் பதறியது. அடுத்த அறைக்காரர்கள் புகார் செய்தார்கள். நான் போய்க் கதவைத் தட்டினேன். திறந்த அந்த அம்மாவின் கண்ணில் அவ்வளவு உயிர் இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, கதவை மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்தித் தொடர்ந்தார்கள். ஒரு இட்லியை வைத்து அவ்வளவு நேரம் பேச இரண்டு பேருக்கு விஷயம் இருக்கிறது! எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வேறு மாதிரியும் பார்த்தேன். மனைவியை அறையில் விட்டுவிட்டு, பணம் புரட்டி வருகிறேன் என்று நாகர்கோவில் பஸ் ஏறிய ஒருவர் வரவே இல்லை. அந்தப் பெண்ணின் தம்பிதான் வந்து கூட்டிப்போனான்.

பஸ் நிலையத்தை ஒட்டி இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. செங்கல்லால் கட்டிய வட்டக் கோபுரம். உள்ளே மாடிப்படி கிடையாது, சமதளமும் கிடையாது. சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிற ஒரே சரிவு, அதன் ஓரத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டிய மேஜையும் இருக்கையும், செங்கல் ஓட்டைகள் வழியாகக் காற்றும் வெளிச்சமும். கட்டியவர் லாரி பேக்கர். பர்மிங்காமில் பிறந்து, 1945-ல் இந்தியாவுக்கு வந்து, இமயமலையிலும் பிறகு வாகமண்ணிலும் இருந்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு இந்த ஊருக்குக் குடிவந்தவர். அவர் பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வருகிற கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு கட்டியவை. காபி ஹவுஸின் கதையும் அப்படித்தான். ஐம்பதுகளில் காபி போர்டு தன் கடைகளை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் தூண்டுதலில் வேலை போனவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடையை எடுத்து நடத்தினார்கள். கேரளத்தில் முதல் கடை 1958-ல் திருச்சூரில். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்று, தினமும் ஒரு காபிக்காக அங்கேயே வந்து உட்கார்கிற ஒரு பெரியவர். நான் ஏதோ பாடம் படித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்த இருக்கை காலி, அவருக்குப் பேச ஆள் வேண்டும்.

எனக்கு அந்த இடம் வேறு காரணத்துக்காக முக்கியம். ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை அதுவரைக்கும். நாகர்கோவிலில் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்பது ஒன்று. பார்சல் வாங்கி வீட்டில் சாப்பிடுவதே மரியாதை என்று பழகியது இன்னொன்று. இங்கே சரிவில் ஏறி ஒரு வளைவைத் தாண்டி உட்கார்ந்துவிட்டால் கீழே இருப்பவருக்கும் தெரியாது, மேலே இருப்பவருக்கும் தெரியாது. தலைப்பாகை வைத்த சப்ளையர் வந்து, என்ன வேண்டும் என்று மட்டும் கேட்பார். ஒரு மசால் தோசை, ஒரு காபி, நினைத்த நேரம் வரைக்கும். சுதந்திரம் என்றெல்லாம் பெரிய சொல் எதற்கு? யாருக்கும் பரிமாறாமல் சூடாகச் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

தனியாக வருகிற பெண்ணுக்கு அறை கொடுக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் சட்டம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, போலீஸ் பயம். "ஏதாவது ஆச்சுன்னா நாமதான் பதில் சொல்லணும்" என்பார். அந்தச் சட்டம் வருஷத்தில் ஒரு வாரம் தூங்கும், ஆற்றுகால் கோயில் பொங்கல் வாரத்தில். மாசி பிறந்தாலே ரோட்டோரத்தில் செங்கல்லும் மண்கலமும் குவிந்துவிடும். பெண்கள் மூன்று கல்லை வைத்து, சுண்ணாம்பால் பெயர் எழுதி இடம் பிடிப்பார்கள். கோயில் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் அடுப்புகள் தம்பானூர் வரைக்கும், அதையும் தாண்டி, வரிசை கட்டும். 1997-ல் 15 லட்சம் பெண்கள், 2009-ல் 25 லட்சம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கூட்டம். எங்கள் லாட்ஜின் எல்லா அறையிலும் பெண்கள், வராந்தாவில் பெண்கள், அண்ணாச்சி தானே ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் உட்கார்ந்துவிடுவார்.

2017 மாசியில் நானும் லாட்ஜ் முன்னால் அடுப்பு வைத்தேன். கோயிலின் பண்டார அடுப்பில் தீ மூட்டியதும் ஒலிபெருக்கி சொல்லும். தீ கைமாறிக் கைமாறித் தெருத்தெருவாக வரும். எனக்குத் தீ கொடுத்தவள் பக்கத்து அடுப்புக்காரி, கொல்லத்திலிருந்து வந்தவள். "சேச்சி, சூட்டு வேணோ?" என்று தென்னோலைச் சூட்டு ஒன்றை நீட்டினாள். ஊரே புகை. யார் புகையால் அழுகிறார்கள், யார் வேறெதற்கோ அழுகிறார்கள் என்று சொல்ல முடியாது; அதுவும் ஒரு வசதி. தெரளி, மண்டப்புற்று என்ற படையல் பலகாரங்களை எப்படிச் செய்வது என்று அவள்தான் சொல்லித் தந்தாள்.

ஆற்றுகால் அம்மன் கண்ணகிதான் என்று இவர்கள் சொல்கிறார்கள். திருவிழா நாட்களில் பாடுகிற தோற்றம்பாட்டு அவள் கதை. பாண்டியனைக் கொன்ற கட்டம் பாடி முடித்த பிறகுதான் பொங்கல். மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூருக்குப் போகிற வழியில் கிள்ளியாற்றங்கரையில் தங்கினாள் என்பது ஐதீகம். அந்த ஆற்றங்கரையில் முல்லவீட்டின் தலைவரான காரணவர் கண்ணில் அவள் தென்பட்டது ஒரு சின்னப் பெண்ணாக. "என்னை அக்கரையில் விட்டுவிடுவீர்களா?" என்று கேட்டாளாம். நம் பக்கத்தில் கண்ணகி என்றால் பட்டிமன்றம் நடத்திக் கற்பைப் பேசிக் கலைவோம். கோவலன் இல்லாமல் அவளை நினைக்கவே நமக்கு வராது. இவர்கள் அவளை மதுரைக்கு இந்தப் பக்கம் நடத்திக் கூட்டிவந்து, கழுத்தில் தாலியின் கனமே இல்லாத ஒரு சிறுமியாக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கண்ணகியைப் பிடித்திருக்கிறது.

மத்தியானம் நிவேதியத்தின் மேல் தீர்த்தம் தெளித்ததும் ஒரு மணி நேரத்தில் தெரு காலி. செங்கல்லை மாநகராட்சி எடுத்துக்கொண்டுபோய் ஏழைகளுக்கு வீடு கட்டுகிற திட்டத்துக்குக் கொடுக்கும். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

விவாகரத்து மனு கொடுக்க ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து கேட்கிற வழி, 13-பி பிரிவு, 1976-ல்தான் இந்து திருமணச் சட்டத்தில் வந்தது. மனு கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி போய், ஆமாம், இன்னும் அதே எண்ணம்தான் என்று சொல்ல வேண்டும். 2017 செப்டம்பரில் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆறு மாதம் எல்லோருக்கும் கட்டாயம் இல்லை என்றது. அக்டோபரில் எங்கள் மனுவைப் போட்ட வக்கீல் அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, ஆனால் பிரிந்து பதினெட்டு மாதம் நிறைந்திருந்தால்தான் அது பொருந்தும், உங்களுக்கு நிறையவில்லையே என்றார். பரவாயில்லை என்றேன். காத்திருப்பதில் எங்களுக்கு அனுபவம் உண்டு.

இந்தச் சமயத்தில்தான் அம்மா போனில் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தாள். வழக்கமான புலம்பலுக்கு நடுவில், "நம்ம குடும்பத்துல இது நடக்காததா? உன் பூட்டி ரெண்டு கட்டினவதான் மக்களே. மொதல் ஆளுட்ட தீர்முறி எழுதி வாங்கிட்டு வந்துட்டா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ கல்யாண வீடுகளில் பூட்டியின் பெருமையைக் கேட்டிருக்கிறேன். இதை யாரும் சொன்னதில்லை. எங்களுடையது நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழியில் வந்த குடும்பம். சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். தகப்பன் சொத்தில் பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று சிறு பங்கு. ஒத்துவரவில்லை என்றால் ஓலையில் தீர்முறி எழுதி உறவை முடித்துக்கொள்ளலாம். பிறந்த வீட்டில் பெண்ணுக்கு இடம் உண்டு. பூட்டி போனது அங்கேதான்; ஹாலுக்கு அல்ல, தன் வீட்டுக்கு.

உடனே அந்தக் காலம் பொற்காலம் என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். கவிமணி விடமாட்டார். 1917-18-ல் அவர் எழுதிய 'மருமக்கள் வழி மான்மிய'த்தில் பேசுகிறவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. புருஷன் வீட்டில் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் நாளைக்கு என்ன என்று தெரியாத பயம்தான் அந்த நூல். ஊர் சிரித்தது, விவாதித்தது. 1926-ல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வெள்ளாளருக்கென்று சட்டம் போட்டு மக்கள் வழிக்கு வழிசெய்தது. நல்லதுதான். ஆனால் மனைவிக்கும் மக்களுக்கும் உரிமை வந்த அந்த வழியில் எங்கோ, திரும்பி வருகிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் இருந்த இடம் தொலைந்துபோயிற்று. தீர்முறி வாங்கிய பூட்டி குடும்ப ரகசியமானாள். வழக்கப்படியான விவாகரத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு இன்றும் செல்லும் என்று விட்டுவைத்திருக்கிறது. வக்கீலிடம் கேட்டேன். அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நிரூபித்து முடிப்பதற்குள் நீங்கள் கிழவியாகிவிடுவீர்கள், 13-பியே போதும் என்று சிரித்தார்.

முதல் நாள் கோர்ட்டுக்கு என் கணவர் நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்தார். முடிந்ததும் தம்பானூர் வரைக்கும் சேர்ந்து வந்தோம். பஸ் நிலையத்தில் எங்கே போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்திருந்தது. நாகர்கோவில் வண்டி எந்த இடத்தில் வரும், தமிழ்நாட்டு வண்டியா கேரள வண்டியா, எது நிற்காமல் போகும் என்று சொன்னேன். லாட்ஜில் எல்லோருக்கும் சொல்கிற அதே குரலில் சொன்னேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவர் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, "இங்க நல்லாத்தான் இருக்க" என்றார். குறையாகவும் இல்லை, பாராட்டாகவும் இல்லை.

நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. குமரிக் கடலிலும் திருவனந்தபுரத்துக் கடலிலும் மீன்பிடிக்கப் போன பலர் திரும்பவில்லை. பூந்துறை, விழிஞ்ஞத்திலும் தூத்தூர், வள்ளவிளையிலும் ஒரே அழுகை. அரசியல் வரைபடத்தில்தான் அவை இரண்டு மாநிலம். குமரி மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, பல நாள் கரண்ட் இல்லை. அம்மாவுக்குப் போன் போகவில்லை, அண்ணனுக்குப் போகவில்லை. அடுத்து என் விரல் தானாக அழுத்திய எண் அவருடையது. மணி அடித்தது, எடுத்தார். "கிணத்தடி முருங்கை விழுந்துட்டு. ஓடு நாலஞ்சு போச்சு. உங்க அம்மைய போய்ப் பாத்துட்டேன், நல்லாருக்கா" என்றார். பிரிவு கேட்டு மனுக் கொடுத்திருந்த இரண்டு பேர் அன்றைக்குக் கால் மணி நேரம் பேசினோம். அந்த வீட்டில் கடைசி இரண்டு வருஷத்தில் ஒருசேர அவ்வளவு பேசியிருப்போமா தெரியாது. மனம் மாறியதா என்று மகள் கேட்டாள். இல்லை. முருங்கை விழுந்ததைக் கேட்க ஆசையாக இருந்தது, அவ்வளவே.

தமிழில் படிக்கிறவர்களுக்குத் திருவனந்தபுரமும் முறிந்த கல்யாணமும் என்றால் நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' (1970) நினைவுக்கு வரும். மனைவி விட்டுப்போன அனந்தன் நாயர், ஐம்பதாவது பிறந்தநாளில் இந்த ஊரின் தெருக்களில் நினைவுகளோடு நடக்கிறார். கிழக்கே கோட்டை, பழவங்காடி என்று அவர் போன வழிகளில் நானும் சாயங்காலம் நடந்திருக்கிறேன். பெரிய நாவல், சந்தேகமில்லை. ஆனால் அது அவர் நடை. போன கார்த்தியாயினியை அவர் நினைவில் வருகிற அளவுக்குத்தான் நாம் பார்க்கிறோம். அவள் போன மறுநாள் காலையில் என்ன சாப்பிட்டாள், யாரிடம் முதலில் பேசினாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றும் ஆசை.

2018-ல் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. வங்கிக் கணக்கில் நாமினி, ஆதாரில் முகவரி, இன்சூரன்ஸ் பாலிசி. ஒவ்வொரு கவுன்டரிலும் தீர்ப்பின் நகலை நீட்டும்போது எதிரே இருப்பவரின் முகம் ஒரு நொடி கனிவாகும். அந்தக் கனிவு எனக்கு எரிச்சல் மூட்டும். கரமனைப் பக்கம் ஒரு அறையும் சமையல் மேடையுமாக வாடகைக்குப் பிடித்தேன். ரேஷன் கார்டு மட்டும் சிரிப்பு மூட்டியது. 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் மூத்த பெண்தான் குடும்பத் தலைவி. கேரளத்தில் மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று நாலு நிறம், எனக்கு வெள்ளை. உறுப்பினர் ஒருவர், தலைவியும் அவரே. மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "தலைவரே!" என்று பதில் போட்டாள்.

கொரோனா காலத்தில் களியக்காவிளையில் எல்லை அடைபட்டபோது லாட்ஜும் மூடியது. வரமுடியாத நோயாளிகள் போனில் கூப்பிட்டார்கள். மருந்துப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறந்த பிறகு அண்ணாச்சி பாதி நாள் வருவதை விட்டுவிட்டார். தனியாக வருகிற பெண்களுக்கு இப்போது அறை உண்டு. அவர் சட்டத்தை மாற்றவில்லை, கேட்பதை விட்டுவிட்டார்.

அம்மா முதல்முறை என்னைப் பார்க்க வந்தது கண் ஆஸ்பத்திரிக்கு என்ற சாக்கில். அண்ணன் பஸ் ஏற்றிவிட்டான், நான் இறக்கிக்கொண்டேன். காபி ஹவுஸுக்குக் கூட்டிப்போனேன். சரிவில் ஏறும்போது, "இது என்ன கட்டடம், கால் நிக்க மாட்டேங்கு" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். மசால் தோசையைப் பிய்த்துப் பார்த்தாள். இங்கே உருளைக்கிழங்கோடு பீட்ரூட்டும் போடுவார்கள். "உள்ள என்ன மக்களே செவப்பா? கழுவாம போட்டுட்டானா?" பீட்ரூட் என்றேன். இதுக்குப் போய்க் காசு வாங்குகிறார்களா என்றாள். முழுத் தோசையையும் சாப்பிட்டாள். காபியை ஆற்றிக்கொண்டே பில்லை என் கையிலிருந்து வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, வெளியே பஸ்ஸைப் பார்த்தபடி சொன்னாள்: "வாற மாசி பொங்கலுக்கு ரெண்டு அடுப்புக்கு எடம் பிடிச்சு வையி. மைனியும் வாறேன்னா. அவளுக்கு ராத்திரி தனி பாய் வேணும், கேட்டியா, யாரு கூடவும் படுக்க மாட்டா."